தபாலட்டையில் எழுதிய தீர்ப்பு

இடைவேளை மணி அடித்ததும் எம் வகுப்பு மாணவர் சிலர் வேப்பமர நிழலிற் கூடி, எந்தப் பாடல் சிறந்தது என வாதிடுவது அன்றாடக் காட்சி. ஒருவன் தான் முதல் நாள் இரவு கேட்ட பாடலைப் புகழ்வான். மற்றவன் அதன் மெட்டு வேறொரு பாடலின் மெட்டே என்பான். மூன்றாமவன், மெட்டு எப்படியாயினும் அப் பாடலைக் கேட்டுத் தன் அக்காள் அழுதாள் என்பான். மணி மீண்டும் அடிக்கும். தீர்ப்பு மறுநாளைக்கு ஒத்திவைக்கப்படும். எம்முடன் பணியாற்றும் ஆசிரியர் சிலர் இதனை வீண் அரட்டை என ஒதுக்குவர். பரணியும் பள்ளும் படிக்க வேண்டிய வயதிற் சினிமாப் பாட்டைப் பற்றி என்ன பேச்சு என்பது அவர் கேள்வி.

தமிழ் கற்பிக்கும் நாமும் சில காலம் அவ்வாறே எண்ணினோம். ஆயின் வரலாற்றைச் சற்றுக் கூர்ந்து நோக்குமிடத்து, இவ் வீண் அரட்டை ஒரு காலத்திற் பேரரசு போன்றதொரு நிறுவனத்தையே பணிய வைத்தது என்ற உண்மை புலனாகின்றது. பாடல் பற்றிய பொதுமக்களின் கருத்துக்கு மதிப்புண்டா, அன்றி அக் கருத்தைக் கற்றோர் சிலர் அவர்களுக்காகத் தீர்மானித்துக் கொடுக்க வேண்டுமா என்பதே அன்றெழுந்த வினா. அவ் வினாவிற்கு விடை கிடைத்த இடங்களுள் எமது கொழும்பு நகரமும் ஒன்று. அவ் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக் கட்டுரையின் நோக்கம்.

இசைத்தட்டும் வானொலியும் தோன்றுமுன், பாட்டு என்பது இடத்தோடும் பொழுதோடும் பிணைந்து கிடந்தது. தாலாட்டுக்குத் தொட்டில் வேண்டும். அம்பாவுக்குக் கடலும் வலையும் வேண்டும். கூத்துப் பாட்டுக்குக் களரியும் விடிய விடிய விழித்திருக்கும் ஊரும் வேண்டும். கேட்டவர் யாவரும் ஒரே இடத்திற் கூடியிருந்தவர். அங்கே பாட்டைப் பற்றிய கருத்தும் அவ் விடத்திலேயே பிறந்து அவ் விடத்திலேயே முடிந்தது. அரங்க இசையோ பெரும்பான்மையோர்க்கு எட்டாக்கனி. கோயில் வீதியில் நின்று கேட்கவும் சிலருக்குச் சாதி தடையாயிருந்த நாட்டில், சங்கீத ரசனையைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கூறுவது எங்ஙனம்?

இந்நிலையை முதலில் அசைத்தது கிராமபோன். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும் இசைத்தட்டு, பாட்டைப் பாடகனிடமிருந்து பிரித்தெடுத்து, வேண்டிய இடத்தில் வேண்டிய பொழுது கேட்கும் பொருளாக்கியது. அதனை வாங்கும் வசதி சிலருக்கே இருந்தது. எனினும் ஒரு வீட்டிற் பெட்டி பாடினால் அயலார் வேலியோரத்தில் நின்று கேட்டனர். 1931ஆம் ஆண்டிற் 'காளிதாஸ்' வெளிவந்தபின் தமிழ்ப் பேசும் படங்கள் பாட்டையே உயிராகக் கொண்டு வளர்ந்தன. 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது எனின், அதிற் பாட்டின் பங்கு எத்துணையது என நாம் கூற வேண்டுவதில்லை. படமாளிகை வாயிலில் விற்கப்பட்ட சிறு பாட்டுப் புத்தகம், எழுத்தறிவு குறைந்த வீடுகளிலும் புகுந்த முதல் அச்சு நூல்களுள் ஒன்று எனலாம்.

இனி வானொலிக்கு வருவோம். இலங்கையில் ஒழுங்கான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆம் நாள் தொடங்கியது. எட்வேட் ஹாப்பர் என்னும் தந்தித் திணைக்கள அதிகாரியே அதன் மூலகர்த்தர். அவர் முதற் பரிசோதனைகளை நடாத்தியபோது, கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிப் பாகங்களைப் பயன்படுத்தினார் என்பர். யுத்தத்தின் எச்சத்திற் பிறந்த அவ் வானொலி, மற்றுமொரு யுத்தத்தின் எச்சத்தாற் பெருவலிமை பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேற்றன் தலைமையிலான தென்கிழக்காசியப் படைத்தலைமை, தன் வீரர்களுக்காகக் கொழும்பிலிருந்து ஒரு வானொலியை நடாத்தியது. அதன்பொருட்டு ஏக்கலையில் நிறுவப்பெற்ற 100 கிலோவாற்றுச் சிற்றலைப் பரப்பி, போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் இலங்கை வானொலி எனப் பெயர்பெற்ற நிறுவனம், 1950ஆம் ஆண்டு வர்த்தக சேவையை ஆரம்பித்தது. கொழும்புத் திட்டத்தின்கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிபேட் டொட் என்பார் அதன் பொறுப்பை ஏற்றார். படைவீரரை மகிழ்விக்க அமைக்கப்பட்ட பரப்பி, இப்பொழுது இந்திய உபகண்டம் முழுவதையும் எட்டும் குரலாயிற்று. குரல் இருந்தது, கேட்போரை அனுப்பி வைத்தவர் ஓர் இந்திய மந்திரி.

1952ஆம் ஆண்டில் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு மந்திரியாகப் பதவியேற்ற பி. வி. கேஸ்கர், பாரிஸிற் கல்வி கற்றவர். சாஸ்திரீய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். சினிமாப் பாட்டு மலினமானது, மேனாட்டு மெட்டுக்களின் கலப்படம், மக்களின் சுவையைக் கெடுப்பது என்பது அவர் முடிவு. அகில இந்திய வானொலியிற் சினிமாப் பாட்டுக்குரிய நேரம் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. பாடகர் பெயரைக் கூறலாம், படத்தின் பெயரைக் கூறலாகாது என்ற விதியும் பிறந்தது. இலவச விளம்பரம் என அரசு கருதியதைத் தமது உரிமை எனப் படத் தயாரிப்பாளர் கருதினர். அவர்கள் ஒலிபரப்பு அனுமதியை மீளப் பெற்றனர். விளைவு என்ன? சில மாதங்களில் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு முற்றாக மறைந்தது.

கேஸ்கர் தீயவரல்லர். சமஸ்தானங்கள் அழிந்தபின் ஆதரவற்று நின்ற சங்கீத வித்துவான்களுக்கு வானொலி வாழ்வளிக்க வேண்டும் என அவர் விரும்பினார். 1952இல் ஆரம்பமான தேசிய சங்கீத நிகழ்ச்சி, இராச்சிய மாளிகைகளிற் பூட்டிக் கிடந்த கலையை நாடெங்கும் கேட்கச் செய்தது. இதனை நாம் மறுத்தல் நேர்மையன்று. ஆயின் அவர் கருத்தில் இரண்டு பெருங் குறைகள் இருந்தன. ஒன்று, வடநாட்டு இசையின் தாழ்ச்சிக்கு முஸ்லிம்களைக் காரணராக்கிய வகுப்புவாதச் சாயல். மற்றையது, மக்களுக்கு எது நல்லது என்பதை மக்களைக் கேளாமலே தீர்மானிக்கலாம் என்ற நம்பிக்கை. உயர்ந்ததைக் கொடுத்தற்குத் தாழ்ந்ததைத் தடுத்தல் வேண்டும் என அவர் எண்ணினார். மக்களோ வானொலிப் பெட்டியின் முள்ளைச் சற்றே திருப்பினர். அம் முள் கொழும்பிற் போய் நின்றது.

1952 டிசம்பரில், பினாக்கா என்னும் பற்பசையின் பெயரால் 'பினாக்கா கீத்மாலா' என்ற இந்தி நிகழ்ச்சி இலங்கை வானொலியில் ஆரம்பமாயிற்று. இருபது வயது இளைஞராகிய அமீன் சயானி பம்பாயிற் பேசிப் பதிவு செய்வார். அப் பதிவு விமானத்திற் கொழும்புக்கு வரும். கொழும்பிலிருந்து சிற்றலையில் ஏறி மீண்டும் பம்பாயை அடையும். தன் நாட்டுப் பாட்டைத் தன் நாட்டில் கேட்க, அது கடல் கடந்து சென்று மீள வேண்டியிருந்தது! தொடக்கத்தில் ஏழு பாடல்களை ஒழுங்கு மாற்றி ஒலிபரப்பி, அவற்றைச் செல்வாக்கு முறையில் வரிசைப்படுத்தி எழுதுமாறு நேயர்களைக் கேட்டனர். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன என்றும், பின்னர் அது வாரமொன்றுக்கு 65,000 வரை உயர்ந்தது என்றும் சயானி நினைவுகூர்ந்துள்ளார். இந்தியாவின் அபிரக சுரங்க நகராகிய ஜும்ரி தலையா, அங்கிருந்து வந்து குவிந்த விருப்பக் கடிதங்களாலேயே நாடறிந்த பெயராயிற்று. நிலத்தின் அடியிற் பொருள் தோண்டிய ஊர், தன் பெயரை வானத்தில் எழுதிக்கொண்டது.

பின்னர் இந்நிகழ்ச்சி, பாடல்களை ஏணியின் படிகளாக வரிசைப்படுத்திக் கூறும் முறைக்கு மாறியது. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையும், ஊர்தோறும் தோன்றிய நேயர் சங்கங்களின் கருத்தும் அவ் வரிசைக்கு அடிப்படையாயின. நண்பர் சிலர் கூடி ஒரு பாடலைப் பற்றிப் பேசிய பேச்சு, சங்கத்தின் தீர்மானமாகிக் கடிதமாகிப் பல கோடி மக்கள் கேட்கும் செய்தியாயிற்று. தேர்தலில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களித்த மக்கள், பாட்டுக்கு வாரந்தோறும் வாக்களித்தனர்.

தமிழ் உலகிலும் இதுவே நிகழ்ந்தது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை, பாக்குநீரிணையைக் கடந்து தமிழகத்தின் கிராமங்களிலும் நகரங்களிலும் ஒலித்தது. எஸ். பி. மயில்வாகனனின் குரல், தமிழகத்தில் அவர் முகத்தைக் காணாதாரும் அறிந்த குரலாயிற்று. அறிவிப்பாளர் என்பார் அரசாங்கத்தின் வாயாக நின்று உத்தரவிடுபவரல்லர். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசும் உறவினர் போன்றவர் என்ற நிலை உருவாயிற்று. 'நேயர் விருப்பம்' போன்ற நிகழ்ச்சிகளிற் பாட்டுக்கு முன்னே பெயர்கள் வாசிக்கப்பட்டன. இன்ன ஊரிலிருந்து இன்னார், இன்னார், இன்னார் என வந்த அப் பெயர்ப் பட்டியல் பாட்டினும் நீண்டதாக இருந்தது எனக் கேலி செய்தவரும் உளர். கேலி செய்தவர் ஒன்றை மறந்தனர். அரச வானொலியில் அதுவரை வாசிக்கப்பட்ட பெயர்கள் மந்திரிகளின் பெயர்களும் வித்துவான்களின் பெயர்களுமே. சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்பவனின் பெயரும், தோட்டத்து லயத்தில் வாழ்பவளின் பெயரும் ஒலிபரப்பில் ஏறிய வாயில் இத் தபாலட்டை ஒன்றே.

எம் அயலில் வாழும் முதியவர் ஒருவர் இதனை எமக்கு விளக்கினார். அவரும் நண்பர் மூவரும் இளமையில் ஒரே தபாலட்டையிற் பாட்டுக் கேட்டு எழுதுவராம். ஒருவர் சுருட்டுத் தொழிலாளி, ஒருவர் கடற்றொழிலாளி, ஒருவர் தையற்காரராகிய முஸ்லிம், இவர் தோட்டஞ் செய்பவர். எந்தப் பாட்டு என்பதிற் சண்டை; எவர் பெயர் முதலில் என்பதிற் பெருஞ் சண்டை. ஈற்றிற் கிழமைக்கு ஒருவர் பெயரை முதலில் எழுதுவது எனத் தீர்மானித்தனர். தேநீர்க்கடை வானொலியின்கீழ் நான்கு வாரம் காத்திருந்தபின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. அன்று தையற்காரர் பெயரே முதலில் வந்தது. கடையிலிருந்தவர் யாவரும் அவரைத் திரும்பிப் பார்த்தனர். "அண்டைக்கு அவன் ராசா மாதிரி இருந்தான்" என்றார் முதியவர். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் யாவரும் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது அத் தையற்காரரும் போனார். "பேர் நாலும் ஒண்டாய் வாசிச்ச ரேடியோவை நான் கேட்டனான், அவன் போறதையும் நான் பாத்தனான்" என்று கூறி முதியவர் பேச்சை நிறுத்தினார். நாமும் மேலே கேட்கவில்லை.

எனவே பாட்டைப் பற்றிய பேச்சு மக்களை ஒன்றாக்கிவிடும் என்று எளிதாகக் கூறிவிட நாம் துணியோம். அது ஒரு தபாலட்டையளவு இடத்தில் நால்வரை ஒன்றாக்கியது. அவ் விடத்தைப் பெருப்பித்து ஒரு சமுதாயமாக்கும் கடமை பாட்டினுடையதன்று, எம்முடையது. அதில் நாம் தவறினோம்.

மக்கள் விருப்பம் எனப்பட்டது முழுவதும் மக்கள் விருப்பந்தானா என்பது அடுத்த வினா. இவ்விடத்தில் உணர்ச்சிக்கு இடங்கொடாது ஆராய்தல் வேண்டும். பாட்டை ஒலிபரப்பியது மக்களாட்சியின்மீது கொண்ட காதலாலன்று, பற்பசை விற்பதற்காகவே. விருப்பக் கடிதம் எழுதுபவர் எந்தப் பாட்டையும் கேட்டுவிட இயலாது. இசைத்தட்டாக வெளிவந்ததையே கேட்கலாம். அம்பாப் பாட்டுக்கும் மலையகத்துத் தொழிலாளியின் தெம்மாங்குக்கும் இசைத்தட்டில்லை. எனவே அவற்றுக்கு வரிசையுமில்லை. முதலாளி விரித்த கடையிலேயே மக்கள் பொருள் தெரிந்தனர் என்பது உண்மை. ஆயின் அக் கடையிலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்தாரல்லர். இந்தியிற் சாகிர் லூதியான்வி, சைலேந்திரா, கைபி அஸ்மி, சிறைவாசம் அனுபவித்த மஜ்ரூ சுல்தான்பூரி முதலிய முற்போக்குக் கவிஞர் சினிமாவுக்கு எழுதினர். தமிழில், 'ஜனசக்தி'யில் எழுதத் தொடங்கி 1959இல் இருபத்தொன்பது வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் உழைப்பவன் குரலைச் சினிமாப் பாட்டில் ஏற்றினார். அவர் கவிதை நூலாக மட்டும் வந்திருப்பின் எத்தனை உழவர் அதனை அறிந்திருப்பர்? இலக்கியம் மக்களிடம் செல்ல வேண்டும் என மேடைதோறும் முழங்கிய முற்போக்காளருட் பலர், அது உண்மையிற் சென்றுகொண்டிருந்த பாதையை மலினமானதென ஒதுக்கினர். இவ்விடயத்தில் அவர்களும் கேஸ்கரும் ஒரே பக்கத்தில் நின்றனர் என்பது கசப்பான உண்மை.

எமது நாட்டின் கதையும் இத்துணை எளிதன்று. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியின் கலைஞர் தேர்வில் முதன்மை பெற்றிருந்த எஸ். என். ரத்தன்ஜங்கர், 1952இல் இலங்கை வானொலிக்கும் அழைக்கப்பட்டார். சிங்களப் பாடகரை வட இந்திய சங்கீத அளவுகோலால் அளந்து தரம் பிரிப்பது அவர் பணி. புகழ் பெற்ற பாடகர் சுனில் சாந்த அத் தேர்வுக்குத் தோற்ற மறுத்தார். லக்னோவில் அதே சங்கீதத்தைக் கற்றவர் அவர். ஆயின் சிங்கள மொழியின் ஓசைக்கேற்ற இசை வேறு என்பது அவர் கொள்கை. அக் கொள்கைக்கு விலையாக வானொலியில் தமக்கிருந்த இடத்தை இழந்தார். ஒரு கையால் இந்தியாவில் தடுக்கப்பட்ட பாட்டுக்கு வாழ்வளித்த வானொலி, மறுகையால் தன் நாட்டுப் பாடகனை வெளியே நிறுத்தியது. சேலத்திற் பிறந்த மொஹிதீன் பேக், சிங்கள மக்கள் தம் சொந்தக் குரலாகப் போற்றிய பாடகராக விளங்கியதும் இதே காலத்தில்தான். அவர் எந்த மொழியார், எந்த மதத்தார் என்று கேட்டுவிட்டு மக்கள் பாட்டைக் கேட்கவில்லை. கேட்பவர் எளிதாகக் கடந்த வேலியை ஆட்சியாளர் உயர்த்திக்கொண்டேயிருந்தனர்.

இந்தியாவில் வென்றவர் யார்? 1957 அக்டோபர் 3ஆம் நாள் அகில இந்திய வானொலி 'விவித பாரதி' என்னும் சேவையை ஆரம்பித்தது. சினிமாப் பாட்டு அரச வாயிலால் மீண்டும் உள்ளே வந்தது. அப்பொழுதும் மந்திரி பதவியில் இருந்தவர் கேஸ்கரே. ஐந்தாண்டுகள் மக்கள் எழுதிய கடிதங்களும் திருப்பிய முட்களும் ஓர் அரசின் கொள்கையை மாற்றின. ஊர்வலமில்லை, வேலைநிறுத்தமில்லை. பாட்டுக் கேட்டவர் எவரும் தாம் ஓர் அரசை எதிர்ப்பதாக எண்ணவுமில்லை. எனினும் அவர் அதனைச் செய்தனர்.

இலங்கை வானொலி 1967இற் கூட்டுத்தாபனமாயிற்று. அதன் தமிழ்ச் சேவை இராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது முதலியோரின் குரல்களால் மேலும் பல ஆண்டுகள் இரு கரையையும் இணைத்தது. அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' கேட்பவரையே பாடுபவராக்கியது. பினாக்கா கீத்மாலா 1988 வரை கொழும்பிலிருந்து ஒலித்து, பின்னர் விவித பாரதிக்கே சென்று சேர்ந்தது. அதன் குரலாக விளங்கிய அமீன் சயானி 2024 பெப்ரவரியில் மறைந்தார்.

அதற்குள் எமது ஊர்கள் இருண்டுவிட்டன. 1990ஆம் ஆண்டின்பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். அக் காலத்திற் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் வானொலியைக் கேட்டனர். சுழற்றுபவர் களைத்தாற் பாட்டும் இழுபட்டுத் தேயும். செய்திக்காகச் சுழற்றினர் என்று மட்டும் கூறுவது பாதி உண்மை. செய்தி முடிந்தபின்னும், பாட்டுக்காக, கைமாறிக் கைமாறிச் சுழற்றினர். பசித்த மக்களுக்குப் பாட்டு எதற்கு என்று கேட்பவருக்கு அக் கவிழ்ந்த சைக்கிளே விடை. பாட்டை ஒருவர் தனித்துக் கேட்க முடியாத காலம் அது. கேட்பதற்கு இன்னொருவரின் கை வேண்டியிருந்தது.

இன்று எம் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி உண்டு. நான்கு வாரம் காத்திருக்க வேண்டுவதில்லை. எவர் பெயர் முதலில் என்ற சண்டையுமில்லை. எந்தப் பாட்டை அடுத்துக் கேட்க வேண்டும் என்பதையும் கணினியே தெரிந்து கொடுக்கின்றது. கேஸ்கர் மக்களைக் கேளாமல் முடிவு செய்தார். அம் முடிவை மக்கள் அறிந்தனர், எதிர்த்தனர். இன்றைய கணினியோ எம்மைக் கேட்பது போல நடித்து முடிவு செய்கின்றது. எதிர்ப்பதற்குரிய முகம் அதற்கில்லை. பற்பசை முதலாளியின் பேரன் எமது காதுக்குள்ளேயே குடியேறிவிட்டான்.

ஆதலினாலேயே வேப்பமரத்தடிச் சண்டை எமக்குப் பெருமதிப்புடையதாகத் தோன்றுகின்றது. அங்கே ஒருவன் தனக்குப் பிடித்ததை மற்றொருவன் முன் வைக்கின்றான், மறுப்பைக் கேட்கின்றான், காரணம் தேடுகின்றான். ஆசிரியராகிய நாம் செய்ய வேண்டியது அதனைக் கலைப்பதன்று; ஏன் என்ற ஒரு கேள்வியை அங்கே போடுவதே. ஏன் பிடித்தது? எழுதியவர் யார்? உன் ஊரின் பாட்டு இவ் வரிசையில் ஏன் இல்லை? சென்ற மாதம் இக் கேள்விகளை வகுப்பிற் கேட்டோம். பரணியிற் கண் அயரும் மாணவன் ஒருவன், தன் பாட்டியார் வலையிழுப்போர் பாடக் கேட்ட அம்பாப் பாட்டொன்றை அடுத்த நாள் எழுதிக் கொண்டு வந்தான். அது எந்த இசைத்தட்டிலும் இல்லாதது. அவன் நண்பருள் இருவர் அது நன்றாயில்லை என்றனர். இருவர் நன்று என்றனர். சண்டை இன்னும் முடியவில்லை.